பதினான்கு

ஓர் ஆட்டத்துக்கு எண்பது வெள்ளி, கோழிச் சோறு ஒரு பொட்டலம்.
எளிய வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்:
பந்து கைக்கு வந்ததும் இருபத்து நான்கிலிருந்து ஓடவிடு.
எறிந்த பந்து இரும்பு வளையத்தைத் தொட்டுத் திரும்பி
எறிந்த அணிக்கே கிடைத்தால்
பதினான்கு.
தொடவில்லையா, எதையும் அமுக்காதே.
ஓடுவது ஓடட்டும்.

பகலில் செந்தூலில் ஒரு பல் மருத்துவமனையின் முகப்பில்
அடுத்தவர், அடுத்தவர் என்று கூப்பிடுகிறவள்.
மாலையில் எனக்கு இரண்டு பொத்தான்கள்.
மஞ்சளில் எண் தேய்ந்துபோய்
யாரோ பேனாவால் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பதினோரு வருடம். கண்ணை நம்பியதில்லை.
வளையத்தைக் காதால் பார்த்துப் பழகியவள் நான்.
முழுதாய் மோதினால் ஒரு சத்தம்,
பின்விளிம்பு என்றால் கொஞ்சம் தடித்த சத்தம்,
உரசிப் போனால்
தட்டில் ஸ்பூன் வைத்த மாதிரி, அவ்வளவுதான்.

இறுதி ஆட்டம். மணிலாப் பெண்கள், தைச்சுங் பெண்கள்.
மூன்றாம் கால்பகுதியில் மழை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரைமேல் லோரி லோரியாய்ச் சரளை கொட்டுகிறது.
நடுவர் ஊதுவது தெரிகிறது, விசில் இல்லை.
காலணிகள் கீச்சிடுவதை நிறுத்திவிட்டன.
புள்ளி எழுதும் காக் ரொஸ்மினி
என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்:
அறுபத்தேழு, அறுபத்தெட்டு.

முப்பத்து மூன்று நொடி மிச்சம்.
ஒரு புள்ளி பின்தங்கிய மணிலாவிடம் பந்து.
என் பெட்டியில் இரண்டு.
ஒன்பதாம் எண், வில்லாருவேல் என்று முதுகில்,
முகத்தை மறைத்த கைக்கு மேலாக எறிந்தாள்.
குறைந்துபோன எறி.
வளையத்தின் முன்விளிம்பை ஒட்டி,
அல்லது தொட்டு,
இறங்கியது.
வலை அசைந்தது.
வலை அசைய வளையம் எதற்கு?
மேலே சுழல்கிற ராட்சச மின்விசிறி போதும்.

கீழே பதினைந்தாம் எண் பந்தைப் பிடித்தாள்.
கட்டைவிரல் என்னைக் கேட்கவில்லை.
மஞ்சள்.

அந்தப் பதினான்கில் பதினொன்றைச் செலவழித்து
அவர்கள் கூடையில் போட்டார்கள்.

தைச்சுங் பயிற்சியாளர் ஓய்வு கேட்டுவிட்டு
நேரே என் மேசைக்கு வந்தாள்.
தோளில் துண்டு, என் வயதிருக்கும்.
உள்ளங்கையால் அடித்த அடியில் என் தண்ணீர்ப் போத்தல் உருண்டது.
சீனம் எனக்குத் தெரியாது.
படவில்லை என்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை.

நடுவர், அம்மான் நகரத்துக்காரர்,
குனிந்து காற்றில் விரலால் ஒரு வட்டம் வரைந்து
புருவத்தை உயர்த்தினார்.
தலையாட்டினேன்.
மேலும் கீழுமா, இடமும் வலமுமா,
நம்மவர் தலை எப்போதும் ஆடுகிற அந்த இரண்டுங்கெட்டானா,
சத்தியமாக நினைவில்லை.
அவர் அதை 'ஆம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்.

தைச்சுங்கின் கடைசி எறி வளையத்தில் இருமுறை சுற்றி
வெளியே விழுந்தது.
அது பட்டதில் யாருக்கும் சந்தேகமில்லை.

வண்ணக் காகிதம் கொட்டியது.
ஞாயிறு விடுப்பில் கோத்தா ராயாவிலிருந்து வந்த பணிப்பெண்கள்
கொடியால் கண்ணைத் துடைத்தார்கள்.
தைச்சுங்கின் நான்காம் எண் தரையில் உட்கார்ந்து
ஒரு காலின் கயிற்றை மட்டும் அவிழ்த்தாள்,
பிறகு எதற்கோ திரும்பவும் கட்டினாள்.
நான் வயர்களைச் சுருட்டினேன்.
எண்பது வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பூடு பக்கம் மேம்பாலத்தடியில்
மழைக்கு ஒதுங்கிய இருபது மோட்டார் சைக்கிள்கள்.
என்னுடையதும்.
சிகரெட், டீசல், ஈரச் சட்டைகளின் வாடை.
போன் நடுங்கியது.
வளையத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தானாம்
கடிகாரத் தொழில்நுட்பர் லிம்மின் மருமகன்.
நாற்பது நொடி வீடியோ.
மெதுவாக ஓட்டிப் பார் அக்கா, என்று கீழே ஒரு வரி.

நடுவில் அந்த முக்கோணம்.
கட்டைவிரல் ஈரமாக இருந்தது. துடைத்தேன்.
பக்கத்தில் நின்ற கிராப் பையன்
மழை விட்டிருச்சு, என்றான்.
இன்னும் விடவில்லை என்றேன்.